பஞ்சாங்கம் முன்பே சொல்லும் தேதியை ஆணையும் முன்பே சொல்லட்டும்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைச் சாலைகளில் விழா நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் சரக்கு வாகனங்களை நிறுத்தி ஆணையிடும் பொறுப்பில் உள்ள அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் உச்சிப்புளியில் குடியிருப்பவன். இருபத்திரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டிப் பிழைத்தேன். முழங்கால் தேய்ந்து கிளச்சு மிதிக்க முடியாமல் போனபின், கடனில் வாங்கிய ஆறு சக்கர வண்டி ஒன்றை என் அக்காள் மகன் ஓட்ட, நான் வீட்டிலிருந்தபடி லோடு பிடித்துக் கொடுத்துக் கணக்குப் பார்த்து வருகிறேன். மீன்பிடி காலத்தில் இராமேசுவரத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் கேரளத்துக்கு மீனும் நண்டும் கணவாயும் ஏற்றுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது, மீன் பெட்டிகளை இறக்கி வைத்து வண்டியைக் கழுவிவிட்டு, வாலிநோக்கம், திருப்பாலைக்குடிப் பக்கத்து உப்போ, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரியோ, முண்டு மிளகாய் வற்றலோ எது கிடைக்கிறதோ அதை ஏற்றுகிறோம். ஒரே வண்டி, மூன்று குடும்பம்: என்னுடையது, என் மருமகனுடையது, கிளீனராக வரும் பையனுடையது.

பெரிய அமாவாசைகளிலும் திருவிழாக்களிலும் சரக்கு வாகனங்களைச் சாலையில் விடாமல் நிறுத்துவது இங்கே பழகிப்போன நடைமுறை. அண்மைக் காலமாக, சனி ஞாயிறுகளிலும் தொடர் விடுமுறைகளிலும் பகல் முழுவதும் லாரிகளை நிறுத்திவிட்டால் சுற்றுலா வருபவர்கள் நிம்மதியாகப் போய் வரலாம் என்ற கோரிக்கையையும் என் காதால் கேட்டு வருகிறேன். அது ஆணையாக மாறுவதற்கு முன், இந்தச் சாலையில் பாதி வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சிலவற்றை உங்கள் முன் வைப்பது என் கடமை என்று கருதியே இந்த மடலை எழுதுகிறேன். எந்த நாளிலும் எங்களைத் தடுக்கவே கூடாது என்று கேட்பதற்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் என் தகப்பனாருக்குத் திதி கொடுக்க நானும் நின்றிருக்கிறேன். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய்மாரும், கோலூன்றி வரும் முதியவர்களும், இரவெல்லாம் வேனில் குலுங்கி வந்து கண் எரிய இறங்குபவர்களும் சாலையின் இரு ஓரத்தையும் நிறைத்து நடக்கும் அந்தக் காலை நேரத்தில், பத்து டன் பாரத்துடன் ஒரு லாரி அவர்களுக்கு நடுவே ஊர்வதை ஓட்டுநர்களான நாங்களே விரும்புவதில்லை. பிரேக் பிடித்தவுடன் நிற்கும் பொருளன்று லாரி. இராமேசுவரத் தீவுக்கு இருப்பதும் ஒரே ஒரு சாலைப் பாலம். 1914இல் ரயில் பாலம் வந்து, 1988இல்தான் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள அந்தப் பாலத்தில் போக ஒரு தடம், வர ஒரு தடம். அதில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் தீவே அடைபட்டுப் போகும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளைப் போன்ற ஒருசில நாட்களில் பக்தர்களுக்காகச் சாலை ஒதுக்கப்படுவதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அந்த நாட்களில் தடை விதிக்கும் முறையைப் பற்றித்தான் எனக்குக் குறை உண்டு.

வார இறுதித் தடை வேறு வகையான செய்தி. ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் 104 நாட்கள். ஏற்கெனவே 61 நாட்கள் கடல் மூடியிருக்கும் ஒரு தொழிலில், காற்றுக்கும் புயல் எச்சரிக்கைக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் போக மிஞ்சும் நாட்களிலிருந்து இவற்றையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

இதில் வெளியூரிலிருந்து பணிக்கு வரும் அலுவலர்கள் சிலர் அறியாதிருக்கக்கூடிய ஓர் உள்ளூர் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். இராமேசுவரத்து விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களே கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு விடப்படுகின்றன. இரு தரப்பும் ஒரே கடலில் மோதிக்கொள்ளாமல் பிழைக்க நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. சனிக்கிழமை கிளம்பிய படகு ஞாயிறு காலையில் கரை திரும்பும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை நாளாக இருப்பதில்லை. வாரத்தில் லோடு ஏற்றும் மூன்று பெரிய நாட்களில் அது ஒன்று. ஞாயிறு பகலில் மீன் வண்டியை நிறுத்தினால், ஒரு படகின் வார உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு கரையிலேயே ஐஸ் உருகக் காத்துக் கிடக்கும். இதைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. படகு கடலுக்குப் போகும் நாளை மாற்றினால் நாட்டுப்படகுக்காரர்களின் நாள் பறிபோகும்.

காலத்தின் அருமையையும் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையில் தடைக்காலம் ஜூன் 14இல் முடிகிறது. கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கான தடை ஜூலை 31 வரை நீடிக்கிறது. இடைப்பட்ட அந்த ஆறேழு வாரங்களில்தான் எங்கள் மீனுக்குக் கேரளச் சந்தையில் நல்ல விலை கிடைக்கிறது. இரண்டு மாதம் கடனில் ஓட்டிய குடும்பங்கள் அந்த வாரங்களில்தான் மூச்சு விடுகின்றன. ஆடி அமாவாசை பல ஆண்டுகளில் அந்தக் காலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2025இல் அது ஜூலை 24 அன்று வந்தது. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுப்பது எங்களுக்குப் பெரிதில்லை. அந்த வாரங்களின் ஒவ்வொரு ஞாயிற்றையும் விட்டுக்கொடுப்பது எங்களால் ஆகாது.

வார இறுதி நெரிசல் எதனால் வருகிறது என்பதைப் பாலத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே தெரியும். கடலைப் பார்க்கவும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தைப் பார்க்கவும், படம் எடுத்துக்கொள்ளவும் கார்களும் வேன்களும் பாலத்தின் மேலேயே இரு பக்கமும் நிற்கின்றன. அதைப் பார்க்க அவர்கள் ஆசைப்படுவது நியாயம். என் பேரப்பிள்ளைகளும் அங்கே இறங்க வேண்டும் என்றுதான் அடம் பிடிக்கிறார்கள். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வாகனத்தால் வந்த அடைப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தை நிறுத்துவது எப்படித் தீர்வாகும்? பாலத்தின் இரு முனைகளிலும் வண்டி நிறுத்த இடமும், நடந்து வந்து பார்க்கப் பாதுகாப்பான வழியும், பாலத்தின் மேல் நிறுத்துவோரை உடனுக்குடன் நகர்த்த நான்கு காவலர்களும் இருந்தால் நெரிசலில் பெரும்பகுதி தீர்ந்துபோகும்.

அமாவாசை நாட்களுக்கே வருகிறேன். அன்றைய போக்குவரத்துக்கு ஒரு திசை உண்டு என்பதை ஆணை எழுதுவோர் கவனிக்க வேண்டும். முதல் நாள் இரவு தொடங்கி மறுநாள் முற்பகல் வரை கூட்டம் கிழக்கு நோக்கி, தீவுக்குள் போகிறது. நீராடி, தரிசனம் முடித்து, நண்பகலுக்குப் பின் அது மேற்கு நோக்கித் திரும்புகிறது. மீன் வண்டிக்கும் ஒரு திசை உண்டு. காலையில் படகு கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, ஒன்பது மணிக்கு மேல் நண்பகலுக்குள் அது மேற்கு நோக்கிக் கிளம்புகிறது. கூட்டம் உள்ளே வரும் நேரத்தில் எங்கள் வண்டி வெளியே போகிறது. அந்த நேரத்தில் வெளியே போகும் தடம் ஏறக்குறையக் காலியாகவே கிடக்கும். ஆகவே முற்பகலில் தீவுக்குள் நுழையும் லாரிகளை மட்டும் மண்டபத்துக்கு இப்பால் நிறுத்திவிட்டு, வெளியேறும் மீன் வண்டிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து, முன்னால் ஒரு காவல் வாகனத்துடன் மெதுவாகப் பாலம் கடத்திவிடலாம். நடப்பவர்கள் நிறைந்த தங்கச்சிமடம், பாம்பன் கடைத்தெருக்களில் வேகத்தை இருபதுக்குக் கீழே வைக்கச் சொன்னால் நாங்கள் வைப்போம். தீவுக்குள் வர வேண்டிய அரிசியும் காய்கறியும் எரிவாயு உருளையும் பிற்பகலில், கூட்டம் வெளியேறும்போது எதிர்த் திசையில் உள்ளே வரலாம். இலட்சக்கணக்கானோர் வந்து போகும் நாளில் அவர்கள் சாப்பிட வேண்டிய பொருளும் எங்கள் வண்டியில்தான் வந்தாக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். இரு திசையையும் ஒரே வரியில் காலை முதல் இரவு வரை தடுத்து எழுதப்படும் ஆணை எழுதுவதற்கு எளிது. அதன் பாரம் முழுவதும் எங்கள் தலையில் இறங்குகிறது.

அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்பதற்கு என் வண்டியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் அலுவலரையும் குறிப்பிட விரும்பவில்லை. யார்மீதும் புகார் கொடுப்பது என் நோக்கமன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா நாளில், கணவாயும் நீல நண்டும் ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்குக் கிளம்பினேன். வழியில் ஓர் ஊரின் எல்லையில் தடுப்புக் கட்டைகள் போட்டிருந்தார்கள். லாரிகள் போகக்கூடாது, இரவு வரை ஓரம் கட்டுங்கள் என்றார் அங்கே நின்ற இளம் காவலர். ஆணையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவரிடம் எதுவும் இல்லை. அவர் பேரிலும் குற்றமில்லை. காலையிலிருந்து அவரும் சோறு தண்ணீர் இல்லாமல் அதே வெயிலில் நின்றிருந்தார். நான் காலையில் கிளம்பும்போது தடை பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் நாள் சரக்கோடு முன்னிரவிலேயே கடந்திருப்பேன். அல்லது மீன் கம்பெனிக் குளிரறையில் சரக்கை வைத்துவிட்டு மறுநாள் ஏற்றியிருப்பேன். இரண்டு வழியும் அடைபட்ட பிறகே எனக்குத் தடை தெரியவந்தது.

நிழலே இல்லாத அந்தச் சாலையோரத்தில் பத்து மணி நேரம் நின்றோம். கிளீனர் பையன் இரண்டு கிலோமீட்டர் நடந்து போய்க் கிடைத்த ஐஸைச் சாக்கில் சுமந்து வந்தான். பெட்டியிலிருந்து ஒழுகிய நீர் தாரில் ஓடி நாறியதால், அவ்வழியே நடந்து போனவர்கள் முகம் சுளித்து ஏசிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஏசியதும் இயல்பே. கணவாய் வெள்ளையாக இருக்கும்வரைதான் அதற்கு ஏற்றுமதி விலை. சதை சிவக்கத் தொடங்கிவிட்டால் வாங்குபவர் கையை எடுத்துவிடுவார். இரவு பத்து மணிக்கு மேல் விட்டார்கள். விடிவதற்கு முன் போய்ச் சேர வேண்டிய சந்தைக்கு மறுநாள் முற்பகலில், சந்தை கலைந்தபின் போய்ச் சேர்ந்தேன். சரக்கு பாதி விலைக்குப் போனது. அந்த நட்டத்தில் ஒரு பங்கை வியாபாரி என் வாடகையில் பிடித்துக்கொண்டார். அதைத் திரும்பப் பெற எனக்கு எந்தக் கதவும் இல்லை. அன்றிரவு வண்டி ஓட்டும்போது, பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த என் கண் இரண்டு முறை தானாக மூடியது. இதை இத்தனை ஆண்டுகளில் இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நீங்கள் எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருத வேண்டும் என்று விரும்புகிறேன். நிறுத்தி வைக்கப்பட்ட ஓட்டுநர் ஓய்வெடுத்த ஓட்டுநர் ஆகமாட்டார். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றெல்லாம் எழுதி வைத்தது. நடைக்குக் கூலியும் நாளுக்குப் பேட்டாவும் வாங்கி ஓட்டுபவருக்கு அந்த எழுத்து எட்டியதே இல்லை. தடைக்காகத் தெருவோரத்தில் கிடந்த பத்து மணி நேரம் அவருக்கு வேலை நேரமாகவும் கணக்கில் வராது, ஓய்வாகவும் உடம்பில் ஒட்டாது. வண்டியை விட்டு நகர முடியாது. டீசலும் தார்ப்பாயும் திருட்டுப் போய்விடும். கழிப்பறை கிடையாது. தடை விலகியதும் இழந்த நேரத்தை ஈடுகட்ட இரவெல்லாம் விரட்டுவார். பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ தடுப்பை எடுத்தவுடன் ஐம்பது, அறுபது லாரிகள் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் இறங்குவதையும், அவற்றை ஓட்டுபவர்கள் அனைவருமே தூக்கம் கெட்டவர்கள் என்பதையும், அதே நேரத்தில் பக்தர்களின் வேன்களும் ஊர் திரும்பிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பகலில் தவிர்த்த விபத்தை இரவுக்குத் தள்ளிவைத்ததாக அது ஆகிவிடக்கூடாது. தடையை விலக்கும்போதாவது கால் மணிக்குப் பத்து வண்டி என்று விட்டு விட்டு அனுப்புங்கள்.

வெளிநாடுகளில் ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடுவதே இல்லையே என்று எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. அது உண்மைதான், ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் நள்ளிரவு முதல் இரவு 10 மணி வரை ஓடக்கூடாது. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக் காலத்தில் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் சனிக்கிழமைப் பகலிலும் தடை உண்டு. ஆஸ்திரியாவில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கே தொடங்கி ஞாயிறு இரவு 10 வரை நீள்கிறது. சுவிட்சர்லாந்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு ஞாயிறு மட்டுமன்றி இரவு 10 முதல் காலை 5 வரையிலும் தடை. ஆனால் இவையெல்லாம் ஓட்டுநரும் முதலாளியும் சரக்கு அனுப்புபவரும் முன்கூட்டியே அறிந்த நாட்கள். அதற்கேற்பவே வாடகையும் பயணமும் வகுக்கப்படுகின்றன. ஜெர்மனியில் புதிய பால், இறைச்சி, மீன், விரைவில் கெடும் பழம், காய்கறி ஆகியவற்றை ஏற்றிய வண்டிக்கு ஞாயிற்றுத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அத்துடன், ஐரோப்பிய ஒன்றியத்து விதிப்படி ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்த வேண்டும். வாரத்துக்கு 45 மணி நேர முழு ஓய்வை வண்டிக்குள் படுத்துக் கழிக்கக்கூடாது. அங்கே தடையைச் சுற்றி இத்தனை ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றில் தடையை மட்டும் பெயர்த்து எடுத்து வந்து நமது சாலையில் நடுவது முறையாகாது.

நம் நாட்டுச் சட்டமே போதுமான அளவு நியாயமாக எழுதப்பட்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பையோ வசதியையோ, சாலை அல்லது பாலத்தின் தன்மையையோ கருதி வாகனங்களைத் தடுக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவருக்கும் உரிமை தருகிறது. தடை ஒரு மாதத்துக்கு மேற்படாதது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை; ஆனால் சூழ்நிலைக்கு ஏற்ற உள்ளூர் விளம்பரம் கொடுத்தாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. சாலைக் குறியீடுகளை உரிய இடங்களில் வைக்கவும் சொல்கிறது. 117ஆம் பிரிவு வாகனங்கள் நிற்பதற்கான இடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் தருகிறது. முதல் நாள் மாலையில் வாட்ஸ்அப்பில் பரவும் ஒரு படம், மூன்று நாட்களுக்கு முன்பே கோழிக்கோட்டுக்குப் போய் இன்று திரும்பிக்கொண்டிருக்கும் ஓட்டுநருக்கு எந்த வகையில் விளம்பரமாகும்? வார இறுதித் தடை ஆண்டு முழுவதும் நீடிப்பதென்றால் அது ஒரு மாதத்துக்குள் அடங்கும் தடையே ஆகாது; அரசிதழில் வெளியிட்டு, பாதிக்கப்படும் மீனவர், வியாபாரி, ஓட்டுநர் ஆகியோரைக் கேட்ட பின்னரே அது வர வேண்டும். வாரந்தோறும் வாய்மொழியாக நீட்டிக்கப்படும் வழக்கமாக அது வந்துவிடக்கூடாது.

முன்கூட்டிச் சொல்வதில் இங்கே என்ன தடங்கல் இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளின் தேதி பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனமும் அப்படியே. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குக் கொடியேறினாலே தேதி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். இம்மானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் குருபூஜை நாளான அக்டோபர் 30 ஆகிய நாட்களில் பரமக்குடி, பசும்பொன் வழிகளில் போக்குவரத்து மாற்றம் இருக்கும் என்பதும் ஆண்டுதோறும் தெரிந்ததே. இவற்றையெல்லாம் சேர்த்து ஜனவரியிலேயே ஒற்றைத் தாளில் ஓர் அட்டவணை வெளியிட்டு, எந்தச் சாலையில், எந்தத் திசையில், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எத்தனை டன்னுக்கு மேல் என்று குறிப்பிட்டுவிட்டால், எங்கள் தொல்லையில் பாதி அன்றே போய்விடும். திடீரென்று மாற்ற நேர்ந்தால் மாற்றலாம். அதற்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

எல்லாச் சரக்கையும் ஒன்றுபோலக் கருத வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். என் தொழிலைச் சேர்ந்தவர்களே இதற்காக என்மீது வருத்தப்படக்கூடும். ஆயினும் உள்ளதைச் சொல்கிறேன். உப்பு காத்திருக்கும். கரி காத்திருக்கும். மணலும் ஜல்லியும் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். விழா நாளில் இவற்றை ஏற்றிய வண்டிகள் ஓடாமல் இருப்பதால் யாருக்கும் பெரிய கேடில்லை, முன்கூட்டியே சொன்னால் போதும். நான் உப்பு ஏற்றும் மாதங்களில் என் வண்டியையும் நிறுத்துங்கள். மீன், பால், காய்கறி, ஐஸ், மருந்து, படகுக்கும் வீட்டுக்கும் வேண்டிய எரிபொருள் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்குச் சீட்டு கொடுங்கள். மீனுக்கான சீட்டை இறங்குதளத்திலேயே மீன்வளத் துறை அலுவலரோ, அவர் பொறுப்பேற்கும் சங்கமோ வண்டி எண்ணும் நேரமும் எழுதிக் கொடுக்கலாம். பொய்ச் சீட்டோடு மணல் ஏற்றி வருபவன் பிடிபட்டால் அவனுடைய அனுமதியை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நிறுத்தி வையுங்கள். நாங்கள் ஒருவரும் பரிந்துகொண்டு வரமாட்டோம்.

காத்திருக்கும் சரக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிமாநிலத்துக்கு மிளகாய் வற்றல் ஏற்றினால் ஈ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். அதன் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அரசின் ஒரு கை சாலையில் நிறுத்தி வைத்த நேரத்தில் அரசின் இன்னொரு கை கொடுத்த சீட்டு காலாவதியாகிவிடுகிறது. நீட்டிக்க வழி இருக்கிறது. ஆனால் அது முடியும் நேரத்துக்கு முந்திய எட்டு மணி நேரத்திலும் பிந்திய எட்டு மணி நேரத்திலும் மட்டும். கணினி அறியாத ஓட்டுநர் நடு வழியில், சரக்கு அனுப்பியவர் தொலைபேசியை எடுக்காத ஞாயிற்றுக்கிழமையில், அதை எப்படிச் செய்வார்? தடை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை இருந்தது என்று முத்திரையிட்ட ஒரு துண்டுச் சீட்டைத் தடுப்பிலேயே கொடுத்தால், சோதனைக்கும் காட்டலாம், வாடகை பிடிக்கும் வியாபாரியிடமும் காட்டலாம். நான் பட்ட நட்டத்தின்போது அப்படி ஒரு சீட்டு என் கையில் இருந்திருந்தால், தாமதம் என் பிழையால் வந்ததில்லை என்று என்னால் மெய்ப்பித்திருக்க முடியும். காலாண்டு வரியும் காப்பீடும் கடன் தவணையும் 365 நாளுக்கும் சேர்த்தே எங்களிடம் வாங்கப்படுகின்றன என்பதைச் சொல்லிவிட்டு இந்தக் கணக்கை முடித்துக்கொள்கிறேன்.

மாற்றுப்பாதை என்று ஆணைகளில் வரும் சொல்லையும் நேரில் வந்து பார்க்க வேண்டும். மண்டபத்துக்குக் கிழக்கே மாற்றுப்பாதை என்று ஒன்று கிடையவே கிடையாது. தூத்துக்குடியிலிருந்து சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாகத் தொண்டி நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தடுத்து உள்நாட்டு வழிக்குத் திருப்பிவிட்டால், பன்னிரண்டு சக்கர வண்டிகள் பள்ளிக்கூடமும் கண்மாய்க் கரையும் ஆட்டு மந்தையுமாக உள்ள கிராமத்துச் சாலைகளில் நுழைகின்றன. கண்மாய்க் கரைச் சாலைகள் அந்தப் பாரத்துக்குப் போட்டவையல்ல. விழாவுக்கு வந்தவருடைய பாதுகாப்புக்காக, விழாவுக்கே வராத ஊர்க்காரருடைய பிள்ளையை ஆபத்தில் நிறுத்துவதாக அது முடிகிறது. திருப்பிவிடுவதைவிட நிறுத்தி வைப்பதே மேல். ஆனால் நிறுத்த இடம் வேண்டும்.

அந்த இடம்தான் நான் கேட்பவற்றிலேயே செலவு பிடிக்கும் ஒன்று. மதுரைச் சாலையில் பரமக்குடிக்கு முன்னால் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரைக்கு மேற்கே ஒன்று, தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒன்று, தீவு வழியில் உச்சிப்புளிப் பக்கம் ஒன்று என்று நான்கு இடங்களில் ஐம்பது வண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டித்தரை போட்டு, ஒரு தகரக் கூரை, குடிதண்ணீர், கழிப்பறை, குளிக்க ஒரு தொட்டி, இரவில் விளக்கு, ஒரு காவலாளி இருந்தால் போதும். மற்ற நாட்களிலும் அது பயன்படும். இப்போது இரவில் சாலையோரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் மோதிச் சாகும் இருசக்கர வாகனக்காரர்களும் குறைவார்கள். அங்கே வண்டியைப் பூட்டிவிட்டு ஓட்டுநர் ஆறு மணி நேரம் காலை நீட்டிப் படுத்து எழுந்தால், அந்தத் தடை அவருக்கும் ஒரு விடுமுறையாக ஆகியிருக்கும். அப்படியான தடையை ஆண்டுக்குப் பத்து நாள் விதித்தாலும் நான் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வேன்.

இடம் அமையக் காலம் ஆகும் என்பதை அறிவேன். அட்டவணைக்கும், திசை பார்த்துத் தடுப்பதற்கும், மீனுக்கான விலக்குச் சீட்டுக்கும், தடுப்பில் கொடுக்கும் முத்திரைச் சீட்டுக்கும் பெரிய செலவு எதுவும் இல்லை. வரப்போகும் அமாவாசைக்கே அவற்றைத் தொடங்கிப் பார்க்கலாம். ஆணை வெளியாகும்போது அதன் நகல்களை இராமேசுவரம், பாம்பன், மண்டபம் இறங்குதளங்களிலும், ஐஸ் கம்பெனிகளிலும், இராமநாதபுரத்து லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் ஒட்ட ஆள் வேண்டுமென்றால், எங்கள் பகுதி ஓட்டுநர்கள் சிலரோடு நானே வந்து பெற்றுக்கொள்கிறேன். பத்து நாட்களுக்கு முன் கையில் கிடைத்தால் கேரளத்துப் பக்கம் போயிருக்கும் வண்டிகளுக்கும் தொலைபேசியில் ஒவ்வொருவராகச் சொல்லிவிட முடியும்.

இப்படிக்கு,
ஒற்றை லாரி உரிமையாளர், முன்னாள் ஓட்டுநர்,
உச்சிப்புளி.